ஞாயிறு பூசைக்குப் போகிறேன், திங்கட்கிழமை ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் பங்குக் கோவிலில் வாரம் எப்படிப் போகிறது?

புறநகர்வாசி (ஞாயிறு இரவு 10.20)

எல்லோருக்கும் இயேசுவுக்கே புகழ். ஒரு சின்னப் பொய்யில் இருந்து தொடங்குகிறேன். என் மகள் இந்த ஆண்டு புதுநன்மை வகுப்பில், அதாவது முதல்முறை நற்கருணை வாங்கத் தயாராகிற வகுப்பில், இருக்கிறாள். போன வாரம் மறைக்கல்வி நோட்டில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் குடும்ப செபம் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். "தினமும் இரவு எட்டரை என்று எழும்மா" என்றேன். எழுதினாள், நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த எட்டரைக்கு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

சென்னைப் புறநகரில் ஆறு வருடமாக இருக்கிறோம். பெரிய பங்கு, ஞாயிறு மட்டும் நான்கு பூசை. எட்டு மணிப் பூசைக்குப் போவோம், எப்போதும் தாமதம்தான், வெளியே பந்தலில் நிற்போம், ஒலிபெருக்கியில் மறையுரை பாதி கேட்கும், பாதி வாகன நிறுத்தத்தில் ஹாரன் கேட்கும். நற்கருணை வாங்கி, அறிவிப்பு முடிவதற்குள் வண்டியை எடுத்து, கறிக்கடை வரிசையில் போய் நிற்பேன். ஆறு வருடத்தில் அந்தக் கோவிலில் என் பெயரைக் கேட்டவர்கள் கோவில் வரி வசூலிக்க வந்த இருவர்தான். ரசீதில் எழுத வேண்டுமே!

நான் வளர்ந்தது திண்டுக்கல் பக்கம் ஒரு கிளைக்கிராமத்தில். சாமியார் மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். திரிகால செபத்துக்குக் காலை, மதியம், மாலை என்று மணி அடிப்பார், வயலில் நிற்பவர்கள்கூடத் துண்டை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் நிற்பார்கள். சாயங்காலம் செபமாலை. பாட்டி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று பழைய தமிழில்தான் சொல்லுவார். பூசை அபூர்வமான அந்த ஊரில் வாரம் முழுக்க செபம் இருந்தது. தினமும் பூசை நடக்கிற இந்த ஊரில் எனக்கு ஒன்றுமே இல்லை. குறை என்னிடம்தான், தெரியும். உங்கள் பங்கில் திங்கள் முதல் சனி வரை என்ன நடக்கிறது? அதில் எது உங்களை உண்மையிலேயே கொஞ்சமாவது மாற்றியது? மறையுரை வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

மறைக்கல்வி டீச்சர் (ஞாயிறு இரவு 11.05)

தம்பி, அந்தக் கட்டத்தை நாங்களும் கொடுக்கிறோம். எங்கள் வகுப்பில் 34 பிள்ளைகள், 20 நோட்டுக்கு மேல் "இரவு எட்டரை" என்றுதான் இருக்கும். ஏன் எல்லா வீட்டிலும் எட்டரை என்று ஒருநாள் கேட்டேன், ஒரு பையன் எழுந்து "அப்போதான் டீச்சர் விளம்பரம் வரும்" என்றான். அதனால் நீங்கள் தனியாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓட வேண்டாம், உங்களோடு பெரிய வரிசையே இருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாக வகுப்பு எடுக்கிறேன், திருச்சிப் பக்கம். எனக்கு உதவியது ஒரே ஒரு பழக்கம். வருகிற ஞாயிறு நற்செய்தியைப் புதன்கிழமையே வாசித்துவிடுவேன். அவ்வளவுதான். கட்டுரை எழுதுவதில்லை, விளக்க நூல் பார்ப்பதில்லை. புதனில் வாசித்தது வியாழன், வெள்ளி சமைக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது எங்காவது இடறும். ஞாயிறு அதைப் பீடத்தில் வாசிக்கும்போது, தெரிந்த ஆள் பேசுவது போல் இருக்கும். சாமியார் மறையுரையில் சொதப்பினாலும் எனக்கு நஷ்டமில்லை.

எந்த நற்செய்தி என்று எப்படித் தெரியும் என்று பலர் கேட்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த வாசக முறை மூன்றாண்டுச் சுழற்சி. ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்துப் பாருங்கள். மீதி வராவிட்டால் லூக்கா, மீதி ஒன்று வந்தால் மத்தேயு, இரண்டு வந்தால் மாற்கு. கணக்கு தொடங்குவது ஜனவரியில் அல்ல, திருவருகைக்காலம் முதல் ஞாயிறு, அதாவது நவம்பர் கடைசி வாக்கில். யோவானுக்கென்று தனி ஆண்டு இல்லை, அவர் தவக்காலத்திலும் பாஸ்காவிலும் வருவார், மாற்கு சின்னது என்பதால் அந்த ஆண்டு நடுவில் ஐந்து வாரம் அப்பத்தைப் பற்றிய ஆறாம் அதிகாரத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வார். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே பிறந்த ஆண்டை வகுத்துப் பார்த்து "டீச்சர் நான் லூக்கா" என்று கத்துவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் வகுப்பில் யாரும் தூங்குவதில்லை.

கடலோரக்காரன் (திங்கள் காலை 5.50)

தூத்துக்குடிக் கரையில் இருந்து. எங்கள் ஊரில் வாரம் என்பதே ஞாயிறை வைத்துத்தான். ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. சனி இரவே படகு கரையேறிவிடும். வேறு ஊரில் சட்டம் போட்டாலும் நடக்காதது, இங்கே யாரும் சொல்லாமலே நடக்கிறது. வருமானம் போகிறதே என்று கேட்கிற இளவட்டங்கள் இருக்கிறார்கள், அவர்களும் போக மாட்டார்கள், ஏனென்றால் வலை இழுக்கக் கூட ஆள் வராது.

புறநகர்வாசி அண்ணன் சொன்ன உபதேசியார் விஷயத்துக்கு ஒன்று. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இங்கே மறைபரப்ப வந்தபோது எத்தனை சாமியார் இருந்தார்கள்? ஆள் கிடையாது. 1544 ஜனவரியில் கொச்சியில் இருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். மணியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் ஆட்களையும் கூட்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை செபம் சொல்லிக்கொடுத்தாராம். ஊரை விட்டுக் கிளம்பும்போது செபத்தை எழுதிய ஓலையை வைத்துவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் பிரதி எடுங்கள், மற்றவர்கள் மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லி, நடத்துவதற்கு ஊருக்கு ஒரு ஆளை அமர்த்திவிட்டுப் போவார். அந்த ஆள்தான் கணக்கப்பிள்ளை. போர்த்துக்கீசியர் வாயில் அது "கனகாப்போலே" ஆகிக் கடிதத்தில் ஏறிவிட்டது. இந்தக் கரையில் திருச்சபை நின்றது கணக்கப்பிள்ளைகளால், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

இப்போது பெருமை பேசியது போதும். எங்கள் ஊரில் இன்று திருவிழா வாரத்தைத் தின்கிறது. பத்து நாள் திருவிழாவுக்கு மூன்று மாதம் கூட்டம், வசூல், சண்டை, பிறகு மூன்று மாதம் கணக்கு, அதற்கொரு சண்டை. ஆறு மாதம் போனது. கொடியேற்றத்துக்குத் தெருக்கொள்ளாத கூட்டம், சாதாரண வியாழக்கிழமை நற்கருணை ஆராதனைக்கு என் அம்மாவும் இன்னும் பதினொரு அம்மாக்களும்.

வெளியே போனவன் (திங்கள் காலை 9.15)

திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் 35 வயது வரை கத்தோலிக்கன், பீடச்சிறுவனாக இருந்தவன், தூபக்கலசம் பிடித்தவன். இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறேன். கொள்கையால் போகவில்லை. என் மனைவி அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தாள். பங்கில் இருந்து ஒருவரும் வரவில்லை. எதிர் வீட்டு அக்கா சபைக்குப் போகிறவர், அவர் வழியாக நான்கு பேர் வந்தார்கள், தினமும் ஆள் மாற்றி ஆள். ஜெபம் செய்தார்கள், சத்தமாகத்தான் செய்தார்கள், எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இட்லியும் கொண்டுவந்தார்கள்.

பூசையை இப்போதும் நினைப்பேன். எழுந்தேற்றத்தின்போது, சாமியார் நற்கருணையை உயர்த்திக் காட்டும் நேரத்தில், அடிக்கிற அந்த மணியை எங்கேயாவது கேட்டால் உடம்பு தானாக நிற்கும். ஆனாலும் திரும்பி வரவில்லை.

பேரவை உறுப்பினர் (திங்கள் மதியம் 1.30)

மேலே எழுதிய சகோதரருக்கு: பங்கில் யாருக்காவது சொன்னீர்களா? 900 குடும்பம் இருக்கிற பங்கில் யார் எந்த மருத்துவமனையில் என்று சாமியாருக்குக் கனவிலா தெரியும்? உங்கள் சபையில் எண்பது பேர், இரண்டு நாற்காலி காலியாக இருந்தாலே தெரிந்துவிடும். இட்லிக்காகக் கோவிலை மாற்றுவது என்றால் அது வேறு விஷயம்.

வெளியே போனவன் (திங்கள் மதியம் 1.48)

சொன்னேன். பங்கு அலுவலகத்தில் இருந்தவரிடம். "உங்கள் அன்பியம் எது, வரி அட்டை இருக்கிறதா" என்று கேட்டார். அன்பியம் என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழு.

நெறியாளர் (திங்கள் மதியம் 2.10)

எந்தப் பங்கு, எந்தச் சபை என்று யாரும் துருவ வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

பேரவை உறுப்பினர் (திங்கள் இரவு 9.00)

மதியம் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு கோபமாக எழுதிவிட்டேன். இட்லியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், தம்பி மன்னிக்கவும். வரி அட்டை கேட்ட கதை எங்கள் பங்கிலும் நடக்கக்கூடியதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பது பேரில் கிடைக்கிற நெருக்கம் 900 குடும்பத்தில் கிடைக்காது என்று தெரிந்துதான் அன்பியத்தைக் கொண்டுவந்தார்கள். முப்பது நாற்பது வீட்டுக்கு ஒன்று. அதற்கு ஒரு முறையும் இருந்தது, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் இருந்து வந்த ஏழு படி முறை. ஒன்று, ஆண்டவரை அழைப்பது. இரண்டு, பகுதியை வாசிப்பது. மூன்று, ஆளுக்கொரு சொல்லையோ வரியையோ எடுத்து நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை சொல்வது. நான்கு, மௌனம். ஐந்து, மனத்தைத் தொட்டதைப் பகிர்வது. ஆறு, இந்த வாரம் நம் தெருவில் என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது. ஏழு, அவரவர் சொந்த வார்த்தையில் செபிப்பது. பத்து வருடம் அன்பியப் பொறுப்பாளராக இருந்தவன் சொல்கிறேன், பெரும்பாலான இடத்தில் நடப்பது ஒன்று, இரண்டு, சந்தா வசூல், தேநீர். மௌனம் என்றதும் யாராவது பாட்டு எடுத்துவிடுவார்கள். ஆறாவது படியை யாருமே தொடுவதில்லை. மருத்துவமனைக்கு யார் போவது என்பது அந்த ஆறாவது படியில்தான் வந்திருக்க வேண்டும்.

அப்புறம் புறநகர்வாசிக்கு ஒரு சின்ன ஆறுதல். திருச்சபைச் சட்டம் 534-ஆம் எண்ணின்படி பங்குத்தந்தை ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் ஒரு பூசையைத் தம் பங்கு மக்களுக்காக ஒப்புக்கொடுத்தாக வேண்டும். அதற்குப் பூசைக் காசு கிடையாது, யார் பெயரும் வாசிக்க மாட்டார்கள். உங்கள் பெயர் யாருக்கும் தெரியாவிட்டாலும் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். பங்கு மேய்ப்புப் பேரவைக்கு வந்த பிறகுதான் எனக்கே இது தெரியும். பேரவையில் நான் கற்ற இன்னொன்று, நிதிக்குழுதான் சட்டப்படி கட்டாயம். மேய்ப்புப் பேரவை, ஆயர் நல்லது என்று கருதினால்தான், அதுவும் ஆலோசனை சொல்ல மட்டும். எங்கள் கூட்டத்தில் மூன்று மணி நேரம் கத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் என்னையும் சேர்த்துத் திட்டுகிறார்கள்.

மறைக்கல்வி டீச்சர் (திங்கள் இரவு 9.40)

ஐந்தாம் படியைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். பகிர்வு என்று சொல்லி மனத்தைத் திறந்தால் அது அந்த அறையிலேயே நிற்குமா? என் மகன் ஒரு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த காலத்தில், ஒரு கூட்டத்தில் அழுதுகொண்டே சொன்னேன். மூன்றாம் நாள் மீன் வாங்கப் போன இடத்தில் மீன்காரம்மா "பையன் இன்னும் சும்மாதான் இருக்கானா டீச்சர்" என்று கேட்டார். அவர் நம் கோவில்கூட இல்லை! அதற்குப் பிறகு இரண்டு வருடம் பொத்தாம்பொதுவாக "ஆண்டவரின் அன்பு என்னைத் தொட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அதனால் அன்பியம் பற்றிப் பேசும்போது இந்தப் பயத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

இன்னொன்று, எல்லைக் கோடு. அன்பியம் பிரிக்கும்போது தெருவைத்தான் பார்க்கிறோம் என்று சொல்லுவார்கள். எந்தத் தெருவை எதோடு சேர்ப்பது, எதோடு சேர்க்காமல் விடுவது என்பதில் சாதி வந்து உட்கார்ந்திருப்பதை எங்கள் பக்கம் கண் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே கிண்ணத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, புதன்கிழமை அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ச்சி என்று எதைச் சொல்கிறோம் என்று சில நாள் எனக்கே புரிவதில்லை.

சேனைக்காரி (செவ்வாய் காலை 6.30)

குமரி மாவட்டத்தில் இருந்து, மரியாயின் சேனை என்கிற பக்த சபைக்காரி. எங்களைக் கண்டால் இளசுகளுக்குச் சிரிப்பு, அந்தச் சின்ன மாதா சுரூபம், இரண்டு மெழுகுதிரி, பூ ஜாடி, வெள்ளைத் துணி என்று எங்கே போனாலும் அதே மேசை. 1921-இல் டப்ளினில் தொடங்கினபோது இருந்த மேசை அமைப்பு, இன்றும் மாற்றவில்லை. பழைமைவாதம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. எங்களுக்கு வாரம் இரண்டு மணி நேர வேலை உண்டு. சும்மா செபமாலை சொன்னால் கணக்கில் வராது. ஆளைப் போய்ப் பார்க்க வேண்டும், நோயாளி, தனியாக இருக்கிற முதியவர், ஞானஸ்நானம் கொடுக்காமல் விட்ட வீடு, கோவிலுக்கு வருவதை நிறுத்தினவர். தனியாகப் போக மாட்டோம், இரண்டு பேராகத்தான். அடுத்த கூட்டத்தில் தலைவி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பார்: போன வாரம் யாரைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம், என்ன நடந்தது? எழுந்து அறிக்கை சொல்ல வேண்டும். போகவில்லை என்றால் போகவில்லை என்று சொல்ல வேண்டும். பதினாறு பேர் முன்னால் "இந்த வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த வாரம் கால் தானாக நடக்கும். பகிர்வில் அழுததைவிட அந்த அறிக்கைதான் என்னை நகர்த்தியது. டீச்சர் அக்கா சொன்ன பயத்துக்கும் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு, கூட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. மீறுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வசூலுக்கும் இரகசியப் பைதான். கையை உள்ளே விட்டு எடுப்போம், யார் எவ்வளவு போட்டார், போட்டாரா என்பதே தெரியாது. வசதியில்லாதவர்கள் தலை குனியாமல் வர முடிவது அதனால்தான்.

வெளியே போன தம்பி, உங்கள் ஊரில் சேனை இருந்திருந்தால் அந்த ஒன்பது நாளில் இரண்டு கிழவிகளாவது வந்து உங்களைத் தொல்லை செய்திருப்பார்கள். இட்லிக்கு உறுதி சொல்ல முடியாது.

வெளியே போனவன் (செவ்வாய் காலை 8.05)

ஹா. வந்திருந்தால் நான் இந்த இழையில் வேறு பெயரில் எழுதிக்கொண்டிருப்பேன் அக்கா.

கொழும்பு13 (செவ்வாய் இரவு 8.20)

இன்று செவ்வாய், கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் வந்து எழுதுகிறேன். எங்கட ஆட்களுக்கு வாரத்தின் நடு ஞாயிறல்ல, செவ்வாய்தான். அந்தோனியார் 1231-இல் வெள்ளிக்கிழமை இறந்து செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டவர், அதனால் செவ்வாய். தமிழர், சிங்களவர், இந்து, பௌத்தர், சில முஸ்லிம் ஆட்களும்கூட வருவினம். எவர் எந்தச் சமயம் என்று அந்த வரிசையில் ஒருவரும் கேட்பதில்லை.

2019 உயிர்த்த ஞாயிறு இந்தக் கோவிலிலும் குண்டு வெடித்ததற்குப் பிறகு வந்த ஞாயிறைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 28. நாட்டில் பொதுப் பூசைகள் இல்லை. கர்தினால் தன் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கட வீட்டில் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்து மெழுகுதிரி வைத்தா. அன்றுவரை பூசையில் நான் என்ன பதில் சொல்கிறேன் என்று கவனித்ததே இல்லை. எழுநூறு பேரோடு சேர்ந்து சொல்லும்போது வாய் தானாகச் சொல்லும். வீட்டில் ஐந்து பேர், என் குரல் எனக்கே தனியாகக் கேட்டது. நற்கருணை நேரம் வந்தது, ஒன்றும் இல்லை, சும்மா இருந்தோம். அம்மா அழுதா. ஜூன் 12-ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், கோவிலைத் திரும்பத் திறந்தார்கள், சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனோம். பிறகு கொரோனா வந்து மறுபடியும் அதே தொலைக்காட்சி, அதே வெள்ளைத் துணி.

இதைக் கேட்டவருக்குப் பதிலாகச் சொல்கிறேனா தெரியவில்லை. பந்தலில் நின்று பாதி கேட்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பாதி கிடைக்காத ஞாயிறு இருந்தது, அவ்வளவுதான்.

ஆர்மோனியப்பெட்டி (புதன் இரவு 10.45)

பாடகர் குழு ஆள் நான். குழுவுக்குள் இருப்பவர்கள் பூசை பார்ப்பதே இல்லை, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வாசகம் நடக்கும்போது அடுத்த பாட்டுக்குச் சுருதி, மறையுரையின்போது காணிக்கைப் பாட்டு எது என்று சைகை, கீபோர்டுக்காரனுக்கும் தபேலாக்காரனுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் தாளத்துக்கு நான் தூது. சனி மாலைப் பயிற்சியில் பாதி நேரம் யார் தனிக்குரல் என்பதற்கே போய்விடும். பன்னிரண்டு வருடம் பாடினேன், ஒரு அங்குலம் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

மாற்றம் வந்தது அடக்கப் பூசையில். வார நாளில் யாராவது இறந்தால் பாட ஆள் கிடையாது, எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். எனக்குச் சொந்தக் கடை என்பதால் நான் போவேன், கூட ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு அக்கா. மூன்று குரல். ஒலிபெருக்கிகூட இருக்காது சில நேரம். ஞாயிறில் யாருக்குக் கேட்கிறது என்று பாடிய அதே பாட்டை, முன் வரிசையில் ஒரு பெண் கணவனின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பாடினால், வார்த்தை வார்த்தையாகத் தொண்டையில் சிக்கும். மூன்று வருடத்தில் நாற்பதுக்கு மேல் போயிருப்பேன். பெயர் தெரியாத வீடுகள். இப்போது தெருவில் போனால் பாதிப் பேர் நிறுத்திப் பேசுகிறார்கள், கடையில் கடன் கேட்கிறார்கள் என்பதும் உண்மை.

புறநகர்வாசி, உங்களுக்குப் பாட வருமா?

புறநகர்வாசி (வியாழன் காலை 7.10)

வராது. ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ஒரு காரியம் செய்தேன், பங்கு அலுவலகத்துக்குப் போன் செய்து எங்கள் தெரு எந்த அன்பியம் என்று கேட்டேன். வரி அட்டை எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள், சிரித்துவிட்டேன். வாடகைக்கு இருப்பவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள், அடிக்கடி மாறிப்போகிறோமாம். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன். போய்விட்டு எழுதுகிறேன், எழுதாவிட்டால் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேனைக்காரி அக்காவுக்கு இதுவே என் அறிக்கை.

சேனைக்காரி (வியாழன் காலை 7.25)

குறித்துக்கொண்டேன்.

புறநகர்வாசி (மூன்று வாரம் கழித்து, வியாழன் இரவு 9.50)

போனேன். முதல் வாரம் போகவில்லை, அலுவலகத்தில் மாதக் கடைசிக் கணக்கு. அதற்கடுத்த புதனும் நேற்றும் போனேன்.

மூன்றாவது தெருவில் ஒரு வயதான அம்மாவின் வீடு. மொத்தம் ஒன்பது பேர், அதில் ஆண்கள் நானும் ஒரு தாத்தாவும். நேற்று வாசித்தது மத்தேயு 20, திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள். பேரவை அண்ணன் சொன்ன ஏழு படியை நான்தான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், ஒருவருக்கும் மறுப்பில்லை, தாத்தாவுக்கு மட்டும் தேநீர் எந்தப் படியில் என்று சந்தேகம். மூன்றாம் படியில் ஆளுக்கொரு வரி எடுத்தார்கள். "கடைசியானோர்" என்று மூன்று பேர். அந்த வீட்டு அம்மா எடுத்தது மட்டும் வேறு. மாலை ஐந்து மணி வரைக்கும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொல்கிறார்களே, அந்த வரி. மூன்று தடவை சொன்னார். அப்புறம் மௌனம். உள்ளே குக்கர் நான்கு விசில் அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை, எனக்கு மட்டும் பருப்பு குழைந்துவிடுமே என்று கவலை.

பகிர்வில் நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் அக்காவின் மீன்காரம்மா நினைவுக்கு வந்துவிட்டார். ஆறாவது படியில் அந்த அம்மாவே சொன்னார், பின்வீட்டில் பக்கவாதம் வந்த ஒருவர் இருக்கிறார், முதல் வெள்ளிக்குச் சாமியார் நற்கருணை கொண்டுவருவார், ஆனால் அவருக்குக் கோவிலில் உட்கார்ந்து பூசை பார்க்க வேண்டுமாம், பதினான்கு மாதமாகிறதாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது பேரில் தூக்கி உட்கார வைக்கிற உடம்பு என்னுடையதுதான். இந்த ஞாயிறு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். எட்டு மணிப் பூசைக்கு ஏழரைக்கே போயாக வேண்டும், உள்ளே ஓரமாகச் சக்கர நாற்காலிக்கு இடம் பிடிக்க.

மகளிடம் அந்தக் கட்டத்தைத் திருத்தச் சொன்னேன். ரப்பரால் அழித்துவிட்டு "புதன் மட்டும்" என்று எழுதினாள். பிறகு அவளாகவே அடைப்புக்குறி போட்டு "அப்பா மட்டும்" என்றும் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்போது ஒரு அவசரம். அடுத்த புதன் கூட்டம் எங்கள் வீட்டில் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஹாலில் ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது. மொட்டை மாடியில் வைக்கலாமா? வீட்டுக்காரர் இந்து, கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

மறைக்கல்வி டீச்சர் (வியாழன் இரவு 10.15)

வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், அவரையும் கூப்பிடுங்கள், வந்தால் வரட்டும். மாடி நல்லதுதான், ஆனால் வாசிக்க வெளிச்சம் வேண்டும், நீளமான வயர் போட்டு ஒரு பல்பு இறக்குங்கள். கொசுவத்தி இரண்டு. தாத்தாவுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய் போதும். பலகாரம் என்று பெரிதாக ஆரம்பிக்காதீர்கள், அடுத்த வீட்டுக்காரர்களுக்குச் செலவு வைத்துவிடும், சுண்டல் போதும்.

வெளியே போனவன் (வியாழன் இரவு 10.40)

ஞாயிறு அவரை ஆட்டோவில் ஏற்றும்போது பக்கவாதம் வந்த பக்கத்தை முதலில் உள்ளே விடாதீர்கள். நல்ல கால் பக்கம் முதலில். என் மாமனாரை அப்படித்தான் ஏற்றுவோம். இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஆட்டோக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.